ராச்செஸ்டரில் கடைத்தெரு எங்கே போனது?

மார்ச் மாதம் நெருங்கினால் ராச்செஸ்டர் கடைக்காரர்களுக்குக் கை ஓடாது, கால் ஓடாது. கோடாக் போனஸ் வரும் நேரம் அது. 1912-லிருந்து, கேமராவும் பிலிமும் செய்த கோடாக் கம்பெனி தன் ஆட்களுக்கு ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவந்தது. அந்தப் பணம் கைக்கு வரும் சமயம் பார்த்து கார் விற்பவர், சோபா விற்பவர், ஃப்ரிட்ஜ் விற்பவர் எல்லாரும் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். 1982-ல் அந்த ஊரில் மட்டும் கோடாக்கில் 60,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஒரு நடுத்தர ஊரில் அத்தனை குடும்பங்களுக்கு ஒரே சமயத்தில் மொத்தமாகப் பணம் வந்தால் கல்லாக்கள் எப்படி நிறைந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட ஊரின் நடுவில் இன்று ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கூடக் கிடையாது. நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில், நயாகராவுக்குக் கிழக்கே இருக்கிறது ராச்செஸ்டர். அங்கே கடைத்தெரு எப்படி உருவானது, எப்படி இடம் மாறியது, இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வு. “எல்லாரும் மாலுக்குப் போய்விட்டார்கள், அதனால் டவுன்டவுன் செத்துவிட்டது” என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏனென்றால், அமெரிக்காவில் ஒரு நகரத்தின் நடுமையத்தில் கட்டப்பட்ட மிகச் சிறந்த மால்களில் ஒன்று இந்த ஊரில்தான் இருந்தது. கட்டடம் நன்றாக இருந்தும் ஏன் கடை நிலைக்கவில்லை? அதைத்தான் பார்க்க வேண்டும்.

மெயின் ஸ்ட்ரீட்டின் மூன்று பெயர்கள்

ராச்செஸ்டர்க்காரர்கள் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களாக இருந்தால் மூன்று கடைப் பெயர்களை உறவுக்காரர்களின் பெயரைப்போலச் சொல்வார்கள்: சிப்லி, மெக்கர்டி, ஃபோர்மன்.

1868-ல் தொடங்கிய சிப்லிதான் பெரியது. 1904 பிப்ரவரியில் டவுன்டவுனில் பிடித்த பெருந்தீயில் அதன் கடை எரிந்துபோனது. அதற்குப் பிறகு கிழக்கு மெயின் ஸ்ட்ரீட்டும் கிளின்டன் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் கோபுரக் கடிகாரத்தோடு எழுந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் உள்ளே பொம்மைகளுக்கென்றே தனி உலகம் கட்டுவார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி டவுன்டவுனுக்கு வந்து, பொம்மை பார்த்து, மதியம் அங்கேயே சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவது ஒரு குடும்பச் சடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் இந்தக் கடைகளின் முதலாளிகள் அதே ஊரில் இருந்தார்கள் என்பது. என்ன சரக்கு எடுப்பது, எந்தக் கிளையை நடத்துவது, எதை மூடுவது எல்லாமே மெயின் ஸ்ட்ரீட்டைப் பார்த்தபடி முடிவானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூரை போட்ட சதுக்கம்

1950-களிலேயே முதலாளிகளுக்கு ஆபத்து தெரிந்துவிட்டது. 1953-ல் பக்கத்து ஊரான கிரீஸில் நார்த்கேட் பிளாசா திறந்தது. காரை வாசலில் இலவசமாக நிறுத்திவிட்டு உள்ளே போகலாம். ராச்செஸ்டர் நகருக்குள்ளோ பார்க்கிங்குக்கு இடமும் இல்லை, இருந்தால் காசும் உண்டு. பழைய ஈரி கால்வாயின் பள்ளத்திலே ஓடிய சுரங்க ரயிலும் 1956 ஜூனோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டது. 1927-ல் தொடங்கி முப்பது ஆண்டுகூட முடியாத ரயில் அது.

அதே 1956-ல், மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற மால் திறந்தது. முழுக்கக் கூரையும் குளிர்சாதனமும் கொண்ட அந்த மாலை வடிவமைத்தவர் விக்டர் குரூன். வியன்னாவில் 1903-ல் பிறந்து, 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த கட்டடக்கலைஞர். அவருக்கு ஒரு கனவு இருந்தது. மனிதர்கள் காரைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து, உட்கார்ந்து, பேசி, காபி குடித்து, கடை பார்க்கும் வியன்னா வீதியை அமெரிக்காவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கனவு. ஆனால் அவர் கட்டிய மால்கள் புறநகர் வயல்வெளிகளில் நின்றன, சுற்றிலும் கார் கடல். ராச்செஸ்டரில்தான் அவருக்கு ஒரு நகரத்தின் நெஞ்சுப்பகுதியிலேயே அதைச் செய்து காட்ட வாய்ப்புக் கிடைத்தது.

வாய்ப்பைக் கொடுத்தவர்கள் இரண்டு போட்டிக்காரர்கள். கில்பர்ட் மெக்கர்டியும் மாரிஸ் ஃபோர்மனும் ஒரே வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டவர்கள். இருவரும் கைகோத்து, தங்கள் இரண்டு கடைகளையும் இணைத்து நடுவில் ஒரு மாபெரும் கூடத்தைக் கட்ட முடிவு செய்தார்கள். நடுவே இருந்த கோர்ட்லேண்ட் தெரு மூடப்பட்டது. அடியில் நகர நிர்வாகம் ஏறக்குறைய 2,000 கார்கள் நிற்கும் பார்க்கிங்கைக் கட்டியது. மேலே 18 மாடிக் கோபுரம்: அலுவலகங்கள், அதற்கும் மேலே ஹோட்டலும் உணவகமும். 1962 ஏப்ரலில் மிட்டவுன் பிளாசா திறந்தது. நகர மையத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேறு நகரங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கூடத்தின் நடுவில் நின்ற கடிகாரத்தைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ‘நாடுகளின் கடிகாரம்’ என்று பெயர். நடுவே ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு உருளைகள். குறிப்பிட்ட நேரத்தில் இசை எழும்பும், உருளைகள் திறந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாட்டின் சிறு காட்சி, ஆடும் பொம்மைகள். கையில் பையோடு எஸ்கலேட்டரில் இறங்குகிறவர்கள் நின்றுவிடுவார்கள். “கடிகாரத்துக்கு அடியில் பார்ப்போம்” என்றால் போதும், வேறு விலாசம் வேண்டாம். கிறிஸ்துமஸ் வந்தால் அந்தக் கூடத்திலேயே சாண்டாவின் பனிமலை எழும்பும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தலைக்கு மேலே ஒரு சின்ன மோனோரயில் சுற்றிவரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 100 அங்குலம் பனி பொழிகிற ஊரில், கோட்டைக் கழற்றிவிட்டுக் குழந்தையோடு நடக்க ஒரு வெதுவெதுப்பான சதுக்கம் இருந்தது என்பது சின்ன விஷயம் கிடையாது. குரூன் நினைத்ததில் பெரும்பகுதி இங்கே நடந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆனால் ஒரு விலை இருந்தது. மிட்டவுன் உள்ளே பார்த்துத் திரும்பிய கட்டடம். கடைகளின் முகம் கூடத்தை நோக்கியது, முதுகு தெருவை நோக்கியது. பிறகு வந்த மேல்நடைப் பாலங்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மக்களை மாடியிலேயே நகர்த்திவிட்டன. குளிருக்கு அது சுகம். ஆனால் மெயின் ஸ்ட்ரீட் நடைபாதையில் செருப்புக் கடையும் பேனாக் கடையும் வைத்திருந்தவருக்கு, வாசலில் நடந்துபோகும் கால்கள் குறைந்தன.

ஒரே குளம், புதுப்புது வலைகள்

இனி கணக்கு. இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான்.

ராச்செஸ்டர் நகரின் மக்கள்தொகை 1950-ல் 3,32,488. 2020-ல் 2,11,328. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. போனவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் பக்கத்துப் புறநகர்களுக்கு. நகரமும் புறநகர்களும் சேர்ந்த மன்ரோ மாவட்டத்தில் 1970-ல் 7,11,917 பேர். 1990-ல் 7,13,968 பேர். இருபது ஆண்டில் கூடியது வெறும் 2,051 பேர்.

அந்த இருபது ஆண்டில் என்ன கட்டினார்கள் என்று பாருங்கள். 1971-ல் தென்கிழக்கே ஈஸ்ட்வியூ மால். 1982-ல் தெற்கே ஹென்ரியெட்டாவில் மார்க்கெட்பிளேஸ் மால். 1990-ல் வடகிழக்கே ஐரண்டிகாய்ட் மால். இவற்றுக்கு முன்பே 1967-ல் மேற்கே கிரீஸில் ஒரு மால் திறந்துவிட்டது. பக்கத்திலேயே இன்னொன்றும் எழுந்து, 1994-ல் இரண்டையும் ஒன்றாக்கிக் கிரீஸ் ரிட்ஜ் ஆக்கினார்கள். பக்கத்து மாவட்டங்களில் குடியேறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை ஓரளவு கூடும், ஆனாலும் படம் மாறாது. குளத்தில் மீன் கூடவில்லை, வலைதான் கூடிக்கொண்டே போனது. புதிதாகத் திறந்த ஒவ்வொரு மாலும் பழைய ஏதோ ஒன்றின் வாடிக்கையாளரை இழுத்துத்தான் பிழைக்க முடியும். முதலில் இழந்தது மெயின் ஸ்ட்ரீட். அப்புறம் மிட்டவுன். அதற்கு அப்புறம், ஒரு மாலை இன்னொரு மாலே தின்றது.

யாரும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். தடுக்கும் அதிகாரம் யாரிடமும் முழுதாக இல்லை. நியூயார்க் மாநிலத்தில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்வது அந்தந்த ஊர்மன்றம். கிரீஸுக்குத் தனி மன்றம், ஹென்ரியெட்டாவுக்குத் தனி, ஐரண்டிகாய்ட்டுக்குத் தனி. ஒரு மால் வந்தால் சொத்துவரி வரும், பள்ளிகளுக்குப் பணம் வரும். வேண்டாம் என்று சொல்லும் ஊருக்கு எதுவும் கிடைக்காது, பக்கத்து ஊர் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஊரும் தன்னளவில் சரியான முடிவைத்தான் எடுத்தது. எல்லாம் சேர்ந்தபோது வட்டாரத்துக்குத் தாங்க முடியாத அளவு கடைப்பரப்பு.

ஈஸ்ட்வியூ இருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அது விக்டர் என்ற ஊரில், மாநில நெடுஞ்சாலையின் 45-ஆம் வெளிவழிக்கு அருகே இருக்கிறது. டவுன்டவுனிலிருந்து ஏறக்குறைய 15 மைல். மன்ரோ மாவட்ட எல்லையைத் தாண்டியவுடன் வரும் ஒன்டாரியோ மாவட்டம் அது. அங்கே வாங்கும் பொருளுக்கான விற்பனை வரியின் உள்ளூர்ப் பங்கு ஒன்டாரியோ மாவட்டத்துக்குப் போகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி மன்ரோக்காரர்கள். மன்ரோவில் விற்பனை வரி 8 சதவீதம், ஒன்டாரியோவில் 7.5. அரை சதவீதத்துக்காக யாரும் அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட மாட்டார்கள், உண்மைதான். ஆனால் நகரத்தின் பள்ளத்தை அடைக்க வேண்டிய காசு எல்லைக்கு அப்பால் தங்கிவிடுகிறது.

முதலாளி ஊரைவிட்டுப் போனபோது

உள்ளூர் முதலாளிகளை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா. சிப்லியும் மெக்கர்டியும் ஃபோர்மனும் புறநகர்களில் தாங்களே கிளைகள் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாடிக்கையாளர் போன இடத்துக்குக் கடையும் போனது. ஆனாலும் அவர்கள் கையில் இருந்தவரை டவுன்டவுன் கடையை மூடவில்லை. அது அவர்களின் தாய்க்கடை, அவர்கள் பெயர் பொறித்த சுவர்.

சிப்லி 1957-லேயே ஒரு வெளியூர்க் குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. 1986-ல் அந்தக் குழுமத்தை மே என்ற நாடளாவிய நிறுவனம் வாங்கியது. 1990-ல் சிப்லி என்ற பெயர் போய் பிட்ஸ்பர்கின் காஃப்மன் பெயர் வந்தது, டவுன்டவுன் கடை மூடப்பட்டது. 1994-ல் மெக்கர்டி, பான்-டான் என்ற பென்சில்வேனியா நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபோர்மனும் அதே ஆண்டில் இல்லாமல் போனது. மிட்டவுனின் இரண்டு தூண்களும் ஒரே ஆண்டில் சாய்ந்தன. காஃப்மனும் 2006-ல் மேசிஸ் ஆனது. 2018-ல் பான்-டானே திவாலாகி எல்லாக் கடைகளையும் மூடியது.

எங்கோ இருக்கும் தலைமையகத்தில் ஒரு கணக்காளர் பார்க்கும்போது, மெயின் ஸ்ட்ரீட் கடை என்பது ஒரு தாளில் ஒரு வரி. அந்த வரியில் நஷ்டம் இருந்தால் அடித்துவிடலாம். உள்ளூர் முதலாளிக்கு அந்த வரியோடு பழக்கம், பெருமை, எதிரில் வந்தால் முகம் பார்க்க வேண்டிய மனிதர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டைப் பொருளாதாரக் கணக்கில் எழுத இடமில்லை. ஆனால் ராச்செஸ்டர் விஷயத்தில் அது நான்கைந்து ஆண்டுகளிலேயே டவுன்டவுனைக் காலி செய்துவிட்டது.

மால்களால் அல்லாமல் அழிந்த கடைத்தெருக்கள்

மெயின் ஸ்ட்ரீட்டைப் பற்றி ஏங்குகிறவர்கள் இரண்டு தெருக்களை மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

ஒன்று ஜோசப் அவென்யூ. யூதக் குடும்பங்களின் இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, துணிக்கடை என்று நெருக்கமாக இருந்த தெரு. தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் பின்னர் அங்கே நிறையக் குடியேறின. கோடாக் போன்ற கம்பெனிகளில் அவர்களுக்கு வேலைக் கதவு மிகக் குறைவாகவே திறந்தது. வீடு கிடைக்கும் இடமும் ஓரிரு பகுதிகள்தான். 1964 ஜூலை 24 இரவில் ஜோசப் அவென்யூவில் ஒரு தெரு நடன நிகழ்ச்சியில் நடந்த ஒரு கைதில் தொடங்கிய கலவரம் மூன்று நாள் நீடித்தது. தேசியக் காவல்படை வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன அல்லது சேதமடைந்தன. பலர் திரும்பவும் கடை திறக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களுக்கு மளிகை வாங்குவதே பெரும்பாடாகியது.

இன்னொன்று கிளாரிசா தெரு. கறுப்பின மக்களின் கடைகள், முடிதிருத்தகங்கள், ஜாஸ் இசை ஒலித்த பித்தாட் கிளப் இருந்த தெரு. அதை அழித்தது கலவரம் அல்ல. நகரப் புனரமைப்பு என்ற பெயரில் வந்த இடிப்பும், நெடுஞ்சாலைப் பணிகளும்தான். மிட்டவுனுக்காக நகரம் தரைக்கு அடியில் பார்க்கிங் கட்டிக் கொடுத்த அதே காலகட்டத்தில், பிழைத்துக்கொண்டிருந்த ஒரு கடைத்தெருவை இடித்துத் தள்ளியது. ஒரு கடைத்தெருவுக்கு யாருடைய பணம், யாருடைய குரல் பின்னால் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது காக்கப்பட்டது அல்லது கைவிடப்பட்டது. இதைச் சொல்லாமல் ராச்செஸ்டரின் வணிகக் கதையை எழுதுவது முறையாகாது.

இடித்த பிறகு

2000-களில் மிட்டவுன் பெரும்பாலும் காலி. 2007 அக்டோபரில் மாநில அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது: நகரம் பிளாசாவை எடுத்துக்கொள்ளும், மாநிலப் பணத்தில் இடிக்கப்படும், புறநகரில் வளர்ந்த பேடெக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அங்கே வானுயரத் தலைமையகம் கட்டும். 2008-ல் கடைகள் மூடின. ஆஸ்பெஸ்டாஸை அகற்றவே நீண்ட நாளானது. 2010-ல் இடிப்புத் தொடங்கியது. 2011-ல் பேடெக்கையே விண்ட்ஸ்ட்ரீம் என்ற வெளியூர் நிறுவனம் வாங்கிவிட்டது. உயரக் கோபுரம் வரவில்லை. சிப்லிக்கு நடந்ததே, கடையைக் காலி செய்துவிட்டு நம்பிய கம்பெனிக்கும் நடந்தது.

மிட்டவுன் கோபுரம் மட்டும் சுவர்கள் உரிக்கப்பட்டு வெறும் எலும்புக்கூடாகச் சில ஆண்டுகள் நின்றது. அதைப் பார்த்தபடி அலுவலகம் போனவர்கள் இன்றும் அந்தக் காட்சியைச் சொல்வார்கள். 2016-ல் அது டவர் 280 என்ற குடியிருப்பாகத் திறந்தது. இடையில் விமான நிலையத்துக்குப் போயிருந்த நாடுகளின் கடிகாரமும் அந்தக் கட்டடத்தின் முன்கூடத்துக்குத் திரும்பிவந்தது. மிட்டவுன் இருந்த நிலத்தில் பார்சல் 5 என்று அழைக்கப்படும் மனை இன்னும் கட்டடம் இல்லாமல் திறந்தவெளியாக இருக்கிறது. ஜாஸ் விழா நாட்களில் அங்கே இலவசக் கச்சேரி நடக்கும். மற்ற நாட்களில் காற்றுதான்.

மால்களும் தப்பவில்லை. ஐரண்டிகாய்ட் மாலின் கதை எல்லாவற்றிலும் வேகமானது. 1990-ல் சிப்லி, மெக்கர்டி, சியர்ஸ், ஜேசிபென்னி என்று நான்கு பெரிய கடைகளோடு வெள்ளைக் கூரை ஜொலிக்கத் திறந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் உள்ளே நடந்தால் எதிரொலி கேட்கும் அளவுக்குக் காலி. கை மாறியது, மெட்லி சென்டர் என்று பெயர் மாறியது, வரிச்சலுகையோடு பிரம்மாண்டமான மறுகட்டமைப்பு வாக்குறுதி வந்தது, எதுவும் எழும்பவில்லை. கடைசியில் ஸ்கைவியூ என்ற புதுப் பெயரில் முதியோர் குடியிருப்பும் ஊர்ச் சமூகக் கூடமும் அங்கே வந்தன. மார்க்கெட்பிளேஸ் மாலில் சியர்ஸ் இருந்த இடத்தை ராச்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவமனை எலும்பு மூட்டுச் சிகிச்சை மையமாக்கிவிட்டது. ஒரு காலத்தில் துணி மடித்து வைத்த இடத்தில் இன்று முழங்காலுக்குப் பயிற்சி நடக்கிறது. ஈஸ்ட்வியூ நன்றாகவே நிற்கிறது. வசதி உள்ள புறநகர்களின் நடுவே, ஆப்பிள் கடையும் 2013-ல் வந்த வான் மார் டிபார்ட்மென்ட் ஸ்டோருமாக, வட்டாரத்தில் மிச்சமிருந்த மால் வியாபாரத்தில் ஒரு பகுதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எது நிலைத்தது

இத்தனைக்கும் நடுவே 1905-லிருந்து ஒரே இடத்தில் ஒரு சந்தை நடக்கிறது. யூனியன் தெருவில், நகரத்துக்குச் சொந்தமான பப்ளிக் மார்க்கெட். செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமைதான் அதன் முழு உருவம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் போனால் லாரியின் பின்கதவிலிருந்தே வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். எல்பா என்ற ஊரின் கரிசல் சேற்று மண்ணில் விளைந்த வெங்காயம். பக்கத்து வெய்ன் மாவட்டத்து ஆப்பிள் கூடைகூடையாக. நீண்ட கொட்டகைகள், இரண்டு பக்கமும் மேஜைகள், நடுவில் ஆள் மேல் ஆள் உரசும் நடைபாதை. ஒருவர் பச்சை வாழைக்காயைத் தூக்கி ஸ்பானிஷில் கூவுகிறார். பக்கத்தில் ஒரு நேபாளிப் பாட்டி கடுகுக்கீரைக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஆகஸ்டில் நல்ல பிஞ்சு வெண்டைக்காயும் பச்சைமிளகாயும் கிடைக்கும், நம்மவர்கள் அதற்காகவே பை எடுத்துக்கொண்டு வருவார்கள். அரசு உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் அதைத் தேய்த்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம், உணவுப் பொருள் விற்கும் மேஜைகளில் அது செல்லும். மதியம் நெருங்க நெருங்க விலை இறங்கும். மூடும் நேரத்தில் ஒரு பெட்டித் தக்காளியை ஏறக்குறையச் சும்மா கொடுத்துவிடுவார்கள்.

சந்தைக்கு எஸ்கலேட்டர் கிடையாது, வெதுவெதுப்பும் பெரும்பாலான கொட்டகைகளில் கிடையாது. ஜனவரியில் விரல் விறைக்கும். இருந்தும் கூட்டம் வருகிறது. காரணம் எனக்குத் தெரிந்தவரை எளிமையானது. மேஜை வாடகை சிறியது, அதனால் சிறிய மனிதர் கடை போட முடிகிறது. இடம் நகரத்துக்குச் சொந்தம், அதனால் எந்த வெளியூர் நிறுவனமும் அதை வாங்கி மூட முடியாது. சுற்றிலும் வசிப்பவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் தேவை, அந்தத் தேவை வாராவாரம் வரும்.

பார்க் அவென்யூவும் இப்படித்தான். பழைய மரவீடுகளும் செங்கல் வீடுகளுமாக அடர்ந்த குடியிருப்பின் நடுவே, கீழே காபிக்கடை, மேலே வாடகை வீடு. கடையின் அகலம் இருபது அடி இருந்தால் அதிகம். ஒன்று மூடினால் இன்னொருவர் பெயிண்ட் அடித்துத் திறந்துவிடுவார். மிட்டவுனில் ஒரு பெரிய கடை மூடியபோது யாராலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியவில்லை. இங்கே பள்ளமே சின்னது.

உணவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெக்மன்ஸும் ஒரு சாட்சி. 1916-ல் ராச்செஸ்டரில் தொடங்கிய குடும்பக் கடை, இன்றும் அதே குடும்பத்தின் கையில். டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் இழந்த இடத்தை இந்த ஊர் மனதில் பிடித்துக்கொண்டது அந்தச் சூப்பர்மார்க்கெட்தான். 2013-ல் நகருக்குள் கிழக்கு அவென்யூ கிளையைப் புதிதாகக் கட்டித் திறந்தபோது, பார்ப்போம் என்று வந்து நின்ற கூட்டத்தில் அந்தப் பழைய சிப்லி தலைமுறையும் இருந்திருக்கும்.

அகழியை மூடிய பிறகு

டவுன்டவுனைச் சுற்றி இன்னர் லூப் என்று ஒரு விரைவுச்சாலை, பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே அகழிபோல. 1950-களில் தொடங்கி 1965-ல் முடித்தார்கள். புறநகர்க்காரர் காரில் சுலபமாக டவுன்டவுன் கடைக்கு வரவேண்டும் என்பதற்காகப் போட்டது. அவர்கள் அதே சாலையில் சுலபமாக வெளியே போனார்கள். பார்க் அவென்யூ பக்கமிருந்து நடந்து வர நினைத்தவர்களுக்கு நடுவில் அகழி.

2014-லிருந்து 2017-க்குள் கிழக்குப் பகுதி அகழியை மண் போட்டு நிரப்பினார்கள். ஏறக்குறைய ஆறு ஏக்கர் நிலம் திரும்பக் கிடைத்தது. அதில் குடியிருப்புகள் வந்தன. 1982-லிருந்து இருக்கும் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் அந்தப் பக்கம் விரிந்து 2023-ல் புதுப் பகுதியைத் திறந்தது. சிப்லி கட்டடத்திலும் மேல்மாடிகளில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். கடைக்காரருக்கு முதலில் வேண்டியது கட்டடம் அல்ல, படியிறங்கி வரும் ஆள் என்பதை இந்த ஊர் ஐம்பது ஆண்டு செலவழித்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்து வடக்குப் பகுதி அகழி. அதை நிரப்ப 2022-ல் மாநிலம் 10 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அந்தப் பகுதி ஜோசப் அவென்யூ பக்கத்துக் குடியிருப்புகளை ஒட்டியது. அங்கே புதிதாக வரும் தெருக்களில் தரைத்தளத்தை ஒரே பெரிய நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா, இருபதடிக் கடைகளாகப் பிரிப்பார்களா, அந்தப் பகுதியில் ஏற்கெனவே வசிக்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்தக் கடைகளின் சாவி கிடைக்கும் என்பதைத்தான் இனி வரும் ஆண்டுகளில் நான் கவனிக்கப்போகிறேன்.